யார்க் நகரத்து ஆசான்

கல்வி சமயத்திற்குத் துணையா, பகையா என்னும் வினா கிறித்தவ உலகில் நெடுங்காலம் எழுந்துகொண்டே இருந்தது. உரோமரின் பழைய இலக்கியங்கள் பிற தெய்வங்களைப் பாடுபவை. அவற்றைக் கற்றால் நம்பிக்கை தளருமோ என்று அஞ்சியோர் பலர். அவ்வினாவிற்குத் தம் வாழ்வாலேயே விடை தந்தவர், எட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஆல்குயின் என்னும் ஆசிரியர்.

இன்றைய இங்கிலாந்தின் வடபகுதியிலுள்ள யார்க் நகரப் பேராலயப் பள்ளியில் எல்பெர்ட் என்னும் நல்லாசிரியரிடம் ஆல்குயின் பயின்றார். எல்பெர்ட் 767இல் பேராயரானபின், பள்ளிப் பொறுப்பு மாணவரின் கைக்கு வந்தது. அகஸ்டின், ஜெரோம் ஆகிய சமயச் சான்றோரின் நூல்களோடு வர்ஜில், சிசரோ ஆகியோரின் நூல்களும் அங்குப் போற்றப்பட்டன. இதனை, யார்க் நகரைப் பற்றி ஆல்குயினே இயற்றிய நெடும்பாடலால் அறிகிறோம்.

781இல், புதிய பேராயருக்குரிய தோள்துகிலைப் பெற்றுவர உரோமுக்குச் சென்ற ஆல்குயின், இத்தாலியின் பார்மா நகரில் பிராங்கிய மன்னர் சார்லமேனைச் சந்தித்தார். தம் அவைக்கு வந்து கற்பிக்குமாறு மன்னர் வேண்டினார். நடுவயதில் பிறந்த மண்ணையும் பழகிய பள்ளியையும் விட்டுப் பிரிவது எளிதன்று. எனினும் அரசனின் அழைப்பில் ஆல்குயின் தம் பணிக்கான அழைப்பையே கண்டார். இலக்கணம், சொல்வன்மை, அளவையியல், எண்கணிதம், வடிவகணிதம், இசை, வானியல் என்னும் ஏழு கலைகளே அவர் கற்பித்த கல்வியின் அடித்தளம். மன்னரும் அவர்தம் மக்களும் ஒருங்கே அவரிடம் பாடம் கேட்டனர்.

இலக்கணம் எதற்கு என்று வினவுவோர்க்கு 789ஆம் ஆண்டு அரசாணை விடை பகர்கிறது. மடங்கள்தோறும் பள்ளிகள் அமைக்கவும், நூல்களைப் பிழை நீக்கிப் படியெடுக்கவும் அது பணித்தது. இறைவனை முறையாக வேண்ட விரும்புவோரும், ஏட்டிலுள்ள பிழையால் தவறாக வேண்டிவிடுகின்றனர் என்பது அது காட்டிய காரணம். இவ்வாணையின் ஆக்கத்தில் ஆல்குயினுக்குப் பங்குண்டு என்பர் ஆய்வாளர்.

அவருடைய கல்விக் கொள்கைக்குப் பெருஞ்சோதனை போர்க்களத்திலிருந்து வந்தது. சார்லமேன், தாம் வென்ற சாக்சனியர் மீது திருமுழுக்கைத் திணித்தார். அதனை மறுப்போர்க்கு மரண தண்டனை என 785 அளவில் ஆணையும் பிறந்தது. 796இல் அவார் மக்களும் பணிந்தபோது ஆல்குயின் வாளாவிருக்கவில்லை. முதலில் கற்பித்தல் வேண்டும், பின்னரே திருமுழுக்கு, உள்ளம் உணராதபோது உடலை நீராட்டுவதால் பயனில்லை என்று மன்னருக்கு எழுதினார். நம்பிக்கை விருப்பத்தால் வருவது, வற்புறுத்தலால் வருவதன்று என்று அரசவைப் பெருமகன் ஒருவருக்கும் எழுதினார். 797இல் வெளியான ஆணை, சாக்சனியர்க்குரிய தண்டனைகளின் கடுமையைத் தணித்தது. அம்மாற்றம் அவர் ஒருவராலேயே விளைந்தது எனல் மிகையாகலாம். ஆயினும், பேரரசனிடம் அஞ்சாது உண்மை உரைத்த பெருமை அந்த ஆசிரியருக்கு உரியது.

796இல் டூர் நகரத்துப் புனித மார்ட்டின் மடத்தின் தலைவரான அவர், யார்க்கிலிருந்து நூல்களை வருவிக்க மன்னரின் இசைவை வேண்டினார். முதுமையில் மாணவர் வர்ஜிலைப் பயில்வதை அவர் கடிந்தார் எனப் பின்னெழுந்த வாழ்க்கை வரலாறு கூறும். ஆனால் அவருடைய பாடல்களிலேயே வர்ஜிலின் சாயல் நிறைந்துள்ளது. பழைய கலைக்கும் புதிய சமயத்திற்கும் இடையிலான போராட்டம் அவர் உள்ளத்திலும் ஓயவில்லை போலும்.

804இல் ஆல்குயின் மறைந்தார். டூரில் அவரிடம் பயின்ற ரபானுஸ் மவுருஸ், செருமானிய நாட்டின் புல்டா மடத்துப் பள்ளியைப் புகழ்பெறச் செய்தார். வாளால் விரிந்த பேரரசு அந்நூற்றாண்டிலேயே சிதைந்தது. ஆசானிடமிருந்து மாணவனுக்குச் சென்ற கல்வியோ தொடர்ந்து வாழ்ந்தது. உணர்ந்து ஏற்பதே நம்பிக்கை. உணர்த்துவதே ஆசிரியப் பணி. ஆல்குயின் விட்டுச்சென்ற செல்வம் இதுவே.