தானியங்கிக் கியரின் வரலாறும் என் பழைய காரும்



கடந்த பள்ளி விடுமுறைக்குச் சில நாள்களுக்கு முன், பள்ளிக்குச் செல்லும் வழியிலுள்ள மேட்டில் என் கார் நின்றுவிட்டது. இயந்திரம் உறுமியது, சக்கரங்களோ நகர மறுத்தன. வண்டிக்கு வயது பதினைந்து. ஒருவர் ஓட்டிய பின் நான் வாங்கி, ஏழாண்டுகளாக ஓட்டி வருகிறேன்.

"ஆட்டோ கியர் போய்விட்டது, சார். பிரித்துச் செய்ய 3,500 ரிங்கிட் ஆகும்," என்றார் பட்டறைக்காரர். விற்றால் வண்டி 7,000 ரிங்கிட்டைத் தாண்டாது. அவரே ஒரு குறுக்குவழியும் சொன்னார்: "கெட்டியான எண்ணெய் மருந்து ஒரு புட்டி ஊற்றுகிறேன். ஒரு மாதம் ஓடும். அதற்குள் விற்றுவிடுங்கள்."

அந்த வாரத்தில்தான் எங்கள் பள்ளிப் பெற்றோர் ஒருவர், "வண்டியை விற்பதானால் என்னிடம் சொல்லுங்கள், ஐயா. பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றி வர உதவும்," என்று கேட்டிருந்தார். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. முடிவெடுக்கும் முன், அந்தப் பெட்டிக்குள் என்னதான் இருக்கிறது என்று அறிய விரும்பி அதன் வரலாற்றைப் படித்தேன். படித்ததைத் தங்களுடன் பகிர்கிறேன்.

கப்பலில் பிறந்தது

தானியங்கிக் கியரின் மூலக்கருத்து காருக்காகத் தோன்றியதன்று. நீராவிச் சுழலி மிக வேகமாகச் சுழலும்; கப்பலின் உந்தியோ மெதுவாகச் சுழல வேண்டும். இரண்டையும் இணைக்க ஜெர்மானியப் பொறியாளர் ஹெர்மன் ஃபொட்டிங்கர் 1905-இல் திரவத்தைப் பயன்படுத்தும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். இரண்டு மின்விசிறிகளை எதிரெதிரே வைத்து ஒன்றை மட்டும் முடுக்கினால், அதன் காற்று மற்றொன்றையும் சுழற்றும் அல்லவா? காற்றுக்குப் பதில் எண்ணெய். அவ்வளவே!

எர்ல் தாம்சன் என்பவரின் தலைமையில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தார் இத்திரவ இணைப்புடன் கோள் பற்சக்கரங்களைச் சேர்த்து 'ஹைட்ராமேட்டிக்' கியர் பெட்டியை உருவாக்கினர். 1940-ஆம் ஆண்டு மாடல் ஓல்ட்ஸ்மொபில் கார்களில் அது விற்பனைக்கு வந்தது. முன்னோக்கி நான்கு வேகங்கள். கிளட்ச் மிதியே இல்லை. இரண்டாம் உலகப்போரில் அமெரிக்காவின் எம்5 ஸ்டூவர்ட் கவச வாகனங்களிலும் இதுவே பொருத்தப்பட்டது. 1948-இல் பியூக் கார்களில் 'டார்க் கன்வெர்ட்டர்' இடம்பெற்றது. இன்றும் வழக்கமான தானியங்கிக் கார்களில் திரவ இணைப்பாக இருப்பது அதுவே.

எண்ணெய் செய்யும் மூன்று வேலைகள்

இவ்வரலாற்றில் என்னை மிகவும் சிந்திக்க வைத்தது எண்ணெயின் கதையாகும். தானியங்கிப் பெட்டியில் எண்ணெய் வெறும் மசகு அன்று. அது விசையைக் கடத்துகிறது, தன் அழுத்தத்தால் கியரை மாற்றுகிறது, வெப்பத்தையும் அகற்றுகிறது. அதே எண்ணெயில் நனைந்தபடிதான் கிளட்ச் தகடுகள் ஒன்றையொன்று பற்ற வேண்டும். மிகுதியாக வழுக்கினால் தகடு தேயும். சட்டெனப் பற்றினால் வண்டி உதறும்.

இந்த நடுநிலையை அளிக்க, ஒரு காலத்தில் ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் எண்ணெயைச் சேர்த்தார்கள்! அத்திமிங்கிலம் அழியும் நிலையை எட்டியதால், 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்கா அதன் பயன்பாட்டைத் தடை செய்தது. மாற்றாக முதலில் வந்த எண்ணெய், குளிர்விப்பானின் உலோக இணைப்புகளை அரித்தது. பின்னர் அரிப்புத் தடுப்பான் சேர்த்துக் குறையைச் சரிசெய்தனர். எண்ணெய் பிழைத்தால் பெட்டியும் பிழைக்காது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

1958-இல் நெதர்லாந்தின் டாஃப் நிறுவனம், பற்சக்கரப் படிகளுக்குப் பதிலாக ரப்பர்ப் பட்டையால் இயங்கும் முறையைக் கொண்டு வந்தது. இன்று பலர் ஓட்டும் சி.வி.டி. கார்கள் அவ்வழி வந்தவை. ஆனால் அவற்றில் இருப்பது எஃகுப் பட்டை அல்லது சங்கிலி. அவற்றுக்குரிய எண்ணெயும் வேறு. ஒன்றுக்குரியதை மற்றொன்றில் ஊற்றுவது பெரும் தவறு.

பழைய வண்டியை எப்படிச் சோதிப்பது?

நம் நாட்டு வெயிலிலும் நெரிசலிலும் எண்ணெய் விரைவில் கெடும். கெட்ட எண்ணெய் தகடுகளைத் தேய்க்கும்; ரப்பர் வளையங்களை இறுக வைக்கும். ஆகவே, பணத்தைக் கொட்டுமுன் எண்ணெயைப் பாருங்கள்.

1. தெளிந்த சிவப்பாக இருந்தால் நன்று. கறுத்துத் தீய்ந்த வாடை அடித்தால் தகடுகள் எரிந்திருக்கக்கூடும்.

2. சிராப் பண்டோங் போன்ற நிறமா? ரேடியேட்டர் நீர் உள்ளே கலந்திருக்கிறது. வண்டியை ஓட்டாதீர்கள்.

3. அடித்தட்டைக் கழற்றினால் உள்ளே காந்தம் இருக்கும். அதில் சாம்பல் நிற மென்குழம்பு ஒட்டியிருப்பது இயல்பு. உலோகச் சில்லுகளோ கரிய துகள்களோ குவிந்திருந்தால் உள்ளே தேய்மானம் முற்றிவிட்டது.

இச்சோதனைக்குப் பிறகே வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எண்ணெய் குறைந்திருந்தால், கசிவை அடைத்து உரிய எண்ணெயை நிரப்பினால் போதும். கியர் மாறுவதில் மட்டும் சிக்கல் என்றால் சோலினாய்டையோ வால்வ் பாடியையோ பழுதுபார்க்கலாம். தகடுகள் தேய்ந்திருந்தால் பெட்டியைப் பிரித்துப் புதுப்பிக்க வேண்டும். அல்லது ஜப்பானிலிருந்து வரும் 'ஹாஃப் கட்' பெட்டியை மாற்றலாம். பின்னது விலை குறைவு. ஆனால் அது எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பதை உறுதியாகச் சொல்ல முடியாது. எழுத்துப்பூர்வமான உத்தரவாதம் கேட்டு வாங்குங்கள்.

என் முடிவு

வேறொரு பட்டறையில் அடித்தட்டைக் கழற்றச் சொன்னேன். எண்ணெய் காப்பி போல் கறுத்திருந்தது. காந்தம் முழுவதும் கரிய துகள்கள். "கடைசியாக எப்போது எண்ணெய் மாற்றினீர்கள், சார்?" என்று மெக்கானிக் கேட்டார். ஏழாண்டுகளில் ஒரு முறையும் மாற்றியதில்லை! மாணவன் வீட்டுப்பாடம் செய்யாமல் வந்தால் கண்டிக்கும் நான், அன்று தலைகுனிந்து நின்றேன். குற்றம் வண்டியுடையதன்று, என்னுடையது.

அந்தப் பெற்றோரிடம் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். இதே மேட்டில், பின் இருக்கையில் அவர் பிள்ளைகள் அமர்ந்திருக்க, வண்டி நிற்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. வண்டியை விற்காமல் 3,200 ரிங்கிட்டுக்குப் பெட்டியைப் புதுப்பித்தேன். இயந்திரமும் உடற்பகுதியும் நன்றாக இருந்ததால் அது எனக்குப் பொருந்திய முடிவு. துருப்பிடித்த வண்டியாயின் வேறு முடிவு எடுத்திருப்பேன்.

கழற்றிய தகடுகளுள் இரண்டைக் கேட்டு வாங்கி வந்தேன். ஒன்று வழவழவெனத் தேய்ந்தது; மற்றொன்றில் உராய்வுப் பூச்சு இன்னும் எஞ்சியுள்ளது. அறிவியல் பாடத்தில் உராய்வைக் கற்பிக்கும்போது அவற்றை மாணவர் கையில் கொடுத்தேன். "ஐயா, இது ஏன் இப்படித் தேய்ந்தது?" என்று ஒரு மாணவி கேட்டாள். உண்மையைச் சொன்னேன்.

ஆசிரியர்களே, பெற்றோர்களே, இன்றே உங்கள் வண்டியின் கையேட்டைத் திறந்து, கியர் எண்ணெயை எப்போது மாற்ற வேண்டும் என்று பாருங்கள். மீண்டும் அடுத்த பதிவில் சந்திப்போம்.