திறன்பேசி வலைச்செயலிகளின் வரலாறு

திறன்பேசி வலைச்செயலி என்பது திறன்பேசியின் உலாவிக்குள் இயங்கும் வகையில், அதன் சிறிய தொடுதிரைக்கெனவே வடிவமைக்கப்பட்ட செயலி ஆகும். செயலிக் கடையிலிருந்து பதிவிறக்கி நிறுவப்படும் செயலியைப் போலன்றி, இது ஓர் இணைய முகவரியில் இருக்கிறது. முகவரியைத் திறந்தால் செயலியும் திறந்துவிடும். எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் ஆகிய மூன்றைக் கொண்டே இது எழுதப்படுகிறது. இதை வெளியிட எவருடைய ஒப்புதலும் தேவையில்லை; கோப்புகளை வழங்கியில் ஏற்றியதுமே வெளியீடு முடிந்துவிடுகிறது. 2007 முதல் இன்றுவரை இத்துறையில் நடந்த பிணக்குகளில் பெரும்பாலானவை இந்த ஒரு வேறுபாட்டிலிருந்து எழுந்தவையே.

முன்கதை

கைபேசியில் இணையம் என்பது ஐபோனுடன் தொடங்கியதன்று. ஜப்பானின் என்டிடி டோகோமோ நிறுவனம் 1999 பிப்ரவரியில் ஐ-மோட் சேவையைத் தொடங்கியது. வங்கிக் கணக்கு பார்ப்பது, ரயில் நேரம் அறிவது போன்ற பணிகளை அந்நாட்டு மக்கள் அப்போதே கைபேசியில் செய்தனர். பிற நாடுகளில் வாப் எனப்பட்ட முறை வந்தது. அதற்கெனத் தனி மொழியில் பக்கங்களை எழுத வேண்டியிருந்தது. சில வரி எழுத்துகள், எண் விசைகளால் தேர்ந்தெடுக்கும் பட்டியல் என்ற அளவிலேயே அது நின்றது. கணினியில் காணும் அதே இணையம் கைபேசியில் வர மேலும் சில ஆண்டுகள் ஆயின.

2007: ஐபோனும் வலைச்செயலிகளும்

ஸ்டீவ் ஜாப்ஸ் 2007 ஜனவரி 9 அன்று சான் பிரான்சிஸ்கோவில் நடந்த மேக்வேர்ல்டு மாநாட்டில் ஐபோனை அறிமுகப்படுத்தினார். அதில் இருந்த சஃபாரி உலாவி, கணினிக்கென எழுதப்பட்ட பக்கங்களை முழுமையாகக் காட்டியது. ஆனால் வெளியார் எழுதும் மென்பொருளுக்கு அக்கருவியில் இடமில்லை. தொலைபேசி என்பது யார் வேண்டுமானாலும் எதையும் நிறுவக்கூடிய பொருளாக இருக்கக் கூடாது, தவறான ஒரு நிரலால் தொலைபேசி வலையமைப்பே பாதிக்கப்படலாம் என்பது அப்போது ஜாப்ஸ் செய்தியாளர்களிடம் கூறிய காரணம்.

நிரலாளர்கள் விடவில்லை. விற்பனை தொடங்குவதற்குச் சில நாட்களே இருந்த நிலையில், 2007 ஜூன் 11 அன்று ஆப்பிளின் ஆண்டு நிரலாளர் மாநாட்டில் ஜாப்ஸ் தமது விடையைச் சொன்னார். ஐபோனுக்குள் முழுமையான சஃபாரி இருக்கிறது, எனவே வலைச்செயலிகளை எழுதுங்கள், தனியாக எந்தக் கருவித்தொகுப்பும் வேண்டாம் என்பதே அதன் சாரம். ஸ்காட் ஃபோர்ஸ்டால் மேடையில் ஒரு மாதிரியை இயக்கிக் காட்டினார். அது ஆப்பிள் ஊழியர்களின் விவரங்களைத் தேடும் வலைச்செயலி. பெயரைத் தேடி எண்ணைத் தொட்டால் அழைப்பு சென்றது, முகவரியைத் தொட்டால் வரைபடம் திறந்தது.

அரங்கில் உற்சாகம் குறைவாகவே இருந்தது. காரணம் எளிது. ஆப்பிள் தனது சொந்தச் செயலிகளை அந்த முறையில் எழுதவில்லை. வெளியார் எழுதும் வலைச்செயலியால் ஒளிப்படக் கருவியைத் தொட முடியாது, இருப்பிடத்தை அறிய முடியாது, இணைப்பு அறுந்தால் இயங்க முடியாது. முகப்புத் திரையில் ஒரு சின்னம் வைக்கக்கூட அப்போது வழியில்லை. புத்தகக்குறிப் பட்டியலில் தேடித்தான் எடுக்க வேண்டும். போதாக்குறைக்கு முதல் ஐபோனில் 3ஜி இல்லை. எட்ஜ் இணைப்பில் ஒவ்வொரு பக்கமும் ஊர்ந்து வந்தது. விருந்தினருக்குத் திண்ணையில் பாய் விரித்துவிட்டு, வீட்டுக்குள் விட மறுத்ததைப் போன்ற ஏற்பாடு அது.

ஆயினும் அந்தத் திண்ணையிலேயே நல்ல வேலைகள் நடந்தன. ஐபோன் விற்பனைக்கு வந்த ஜூன் 29-க்கு ஒரு வாரம் கழித்து, சான் பிரான்சிஸ்கோவில் உள்ள அடோபி அலுவலகத்தில் ஐபோன்டெவ்கேம்ப் என்ற தன்னார்வக் கூடுகை நடைபெற்றது. பல நிரலாளர்கள் வார இறுதியில் ஒன்றுகூடிச் சிறு வலைச்செயலிகளை எழுதி அங்கேயே வெளியிட்டனர். ஃபயர்ஃபாக்ஸ் உலாவியின் உருவாக்கத்தில் பங்கேற்ற ஜோ ஹெவிட், ஐபோனின் பட்டியல்களையும் பொத்தான்களையும் உலாவிக்குள் அப்படியே ஒத்துக் காட்டும் ஐயூஐ என்ற நிரல் தொகுப்பை எழுதி இலவசமாக அளித்தார். அவரே அந்த ஆகஸ்டில் ஃபேஸ்புக்கின் ஐபோன் வலைச்செயலியையும் உருவாக்கினார். அக்காலத்தில் வெளிவந்தவற்றுள் மிகவும் பாராட்டப்பட்டது அதுவே.

வடிவமைப்பில் தீர்க்க வேண்டிய முதற் சிக்கல் அகலம். ஐபோன் திரையின் அகலம் 320 படப்புள்ளிகள். கணினிப் பக்கங்களைக் காட்டுவதற்காக சஃபாரி, தனது திரை 980 படப்புள்ளி அகலம் கொண்டது என்று பாவித்துப் பக்கத்தை வரைந்து, பிறகு சுருக்கிக் காட்டியது. வலைச்செயலிக்கு இது பொருந்தாது. எழுத்துகள் எறும்பு அளவில் தெரியும். எனவே பக்கத்தின் தலைப்பகுதியில் ‘வியூபோர்ட்’ என்ற ஒரு குறிப்பைச் சேர்த்து, உண்மையான அகலத்திலேயே வரையுமாறு உலாவிக்குச் சொல்லும் முறையை ஆப்பிள் கொண்டுவந்தது. மற்ற உலாவிகளும் இதைப் பின்பற்றின. இன்று கைபேசிக்கென எழுதப்படும் ஏறக்குறைய எல்லாப் பக்கங்களிலும் இருக்கும் அந்த ஒற்றை வரி, 2007-இன் எச்சமாகும்.

செயலிக் கடையின் வரவு

திண்ணையில் இருக்க மறுத்தவர்களும் உண்டு. சில வாரங்களுக்குள் ஐபோனின் பூட்டுகளை உடைத்துத் தம் நிரல்களை உள்ளே நிறுவும் வழியைக் கண்டனர். 2007 அக்டோபர் 17 அன்று ஜாப்ஸ் வெளியிட்ட திறந்த மடலில், அடுத்த ஆண்டு கருவித்தொகுப்பு தரப்படும் என அறிவித்தார். வலைச்செயலிகளுக்கென ஆப்பிள் தன் தளத்தில் ஒரு பட்டியலைத் தொடங்கிய அதே மாதத்தில் இந்த அறிவிப்பும் வந்தது என்பது கவனிக்கத்தக்கது. கருவித்தொகுப்பு 2008 மார்ச் 6 அன்று அறிமுகமானது. ஜூலை 10 அன்று ஏறத்தாழ 500 செயலிகளுடன் கடை திறந்தது. முதல் வார இறுதிக்குள் ஒரு கோடிப் பதிவிறக்கங்கள் நடந்ததாக ஆப்பிள் அறிவித்தது.

இதற்கிடையே வலைச்செயலிகளுக்கும் சிறு சலுகைகள் வந்தன. 2008 ஜனவரியில் முகப்புத் திரையில் சின்னம் வைக்கும் வசதி, பின்னர் முகவரிப் பட்டை இல்லாமல் முழுத்திரையில் இயங்கும் வசதி, 2009-இல் இருப்பிடம் அறியும் வசதி ஆகியவை சேர்ந்தன. ஆனால் நிரலாளர்களின் கவனம் கடைக்குப் போய்விட்டது. பணம் அங்கே இருந்தது.

கடையில் வாயிற்காவலும் இருந்தது. ஒவ்வொரு செயலியும் ஆப்பிளின் பரிசீலனைக்குப் பிறகே வெளிவரும். அப்போது விற்பனைத் தொகையில் 30 விழுக்காடு ஆப்பிளுக்குச் சேர்ந்தது. கூகுள் வாய்ஸ் செயலி 2009-இல் கடையில் இடம்பெறாமல் போனது. அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையமே விளக்கம் கேட்கும் அளவுக்கு அது செய்தியானது. கூகுள் 2010 ஜனவரியில் அதே சேவையை வலைச்செயலியாக வெளியிட்டுவிட்டது. ஃபேஸ்புக்கின் நிறுவப்படும் ஐபோன் செயலியையும் எழுதிய ஜோ ஹெவிட், ஒரு நிறுவனம் வாயிலில் நின்று தடுக்கும் இந்த முறை தமக்கு ஏற்புடையதன்று என்று கூறி 2009 நவம்பரில் அப்பணியிலிருந்து விலகினார்.

இரண்டுக்கும் இடைவழியாக, வலை நிரல்களை ஒரு கூட்டுக்குள் வைத்துக் கடையில் விற்கத்தக்க செயலியாக்கும் ஃபோன்கேப் 2008-இல் தோன்றியது. அதை உருவாக்கிய நிறுவனத்தை அடோபி 2011-இல் வாங்கியது. பாம் நிறுவனம் 2009-இல் வெளியிட்ட பாம் பிரீ கைபேசியில் செயலிகள் பெரும்பாலும் வலைத் தொழில்நுட்பத்தாலேயே எழுதப்பட்டன. அந்தக் கைபேசி வரிசை 2011-க்கு மேல் நீடிக்கவில்லை.

ஃபைனான்சியல் டைம்ஸ்

பெரிய நிறுவனம் ஒன்று கடையை விட்டு வெளியேறி வலைச்செயலியை நம்பிய முதல் முக்கிய நிகழ்வு 2011-இல் நடந்தது. இதழ்களின் சந்தாவைச் செயலிக்குள் விற்றால் அதில் 30 விழுக்காட்டை ஆப்பிளுக்குத் தர வேண்டும் என்ற விதி அவ்வாண்டு வந்தது. லண்டனின் ஃபைனான்சியல் டைம்ஸ் நாளிதழுக்குப் பணத்தைவிட வேறொரு கவலை பெரிதாக இருந்தது. சந்தாதாரர் யார் என்ற விவரம் ஆப்பிளிடம் தங்கிவிடும். தன் வாசகரைத் தானே அறியாத இதழாக இருக்க அது விரும்பவில்லை.

2011 ஜூனில் அந்நாளிதழ் தனது வலைச்செயலியை வெளியிட்டது. இதழை முன்கூட்டியே கருவியில் சேமித்து, இணைப்பு இல்லாத இடத்திலும் படிக்கும் வசதி அதில் இருந்தது. ஆகஸ்டில் அதன் பழைய செயலி கடையிலிருந்து நீக்கப்பட்டது. வலைச்செயலியை எழுதிய அசாங்கா என்ற சிறு நிறுவனத்தை 2012-இல் ஃபைனான்சியல் டைம்ஸ் விலைக்கு வாங்கியது. 2017-இல் அது கடைக்குத் திரும்பியதும் உண்மையே. ஆயினும் இடைப்பட்ட ஆறு ஆண்டுகள் வலைச்செயலியை வைத்தே ஐபோன் வாசகர்களிடம் அது பிழைத்து நின்றது.

இணைப்பற்ற நிலையில் இயங்க அப்போதிருந்த தொழில்நுட்பம் மிகவும் முரண்டு பிடித்தது. வழங்கியில் புதிய பக்கம் இருந்தாலும், சேமித்து வைத்த பழையதையே முதலில் காட்டும். அதனால் பட்ட தொல்லைகளே ‘சர்வீஸ் வொர்க்கர்’ என்ற புதிய முறைக்கு வழிவகுத்தன. பக்கத்துக்கும் வலையமைப்புக்கும் இடையே அமர்ந்து, எதைச் சேமிப்பிலிருந்து தருவது, எதைப் புதிதாகக் கொண்டுவருவது என்பதை முடிவு செய்யும் சிறு நிரல் அது.

பின்னடைவு

2012 வலைச்செயலிகளுக்கு நல்ல ஆண்டாக அமையவில்லை. ஃபேஸ்புக் தன் கைபேசிச் செயலிகளின் உட்பகுதியை எச்டிஎம்எல்லில் எழுதியிருந்தது. அவை மெதுவாக இயங்குவதாகப் பயனர்கள் கடிந்துகொண்டனர். ஆகஸ்டில் ஐபோன் செயலி முழுதாகத் திருத்தி எழுதப்பட்டது. செப்டம்பரில் மார்க் சக்கர்பர்க், எச்டிஎம்எல்-5 மீது அளவுக்கு மீறி நம்பிக்கை வைத்தது தம் நிறுவனத்தின் மிகப் பெரிய தவறு என்று பொதுமேடையில் ஒப்புக்கொண்டார். தொழில்நுட்பத்தைவிட அது பயன்படுத்தப்பட்ட விதத்தில்தான் குறை என்று வாதிட்டவர்கள் இருந்தனர். ஆனால் அந்த ஒரு கூற்றைக் காட்டியே பல நிறுவனங்கள் வலைச்செயலித் திட்டங்களைக் கைவிட்டன.

மொசில்லா எதிர்த்திசையில் நடந்தது. வலைச்செயலிகள் மட்டுமே இயங்கும் ஃபயர்ஃபாக்ஸ் ஓஎஸ் கைபேசிகள் 2013-இல் ஸ்பெயினில் விற்பனைக்கு வந்தன. 2014 ஆகஸ்டில் இந்தியாவில் இன்டெக்ஸ் கிளவுட் எஃப்எக்ஸ் 1,999 ரூபாய்க்கு வெளியானது. ஸ்பைஸ் நிறுவனமும் ஒரு கைபேசியை வெளியிட்டது. இந்தியுடன் தமிழும் அவற்றில் இடம்பெற்றது குறிப்பிடத்தக்கது. விற்பனை நிலைக்காததால் 2015 இறுதியில் மொசில்லா கைபேசித் திட்டத்தை நிறுத்திக்கொண்டது. அதன் மூலநிரலிலிருந்து கிளைத்த கைஓஎஸ், 2017-இல் வந்த ஜியோபோன் வழியாக இந்தியாவில் பரவலான பயன்பாட்டை அடைந்தது. 1,500 ரூபாய் வைப்புத்தொகைக்கு அந்தப் பொத்தான் கைபேசியை வாங்கிய பலரும், அதில் தாம் பயன்படுத்துவது வலைத் தொழில்நுட்பத்தால் ஆன செயலி என்பதை அறிந்திருக்க மாட்டார்கள்.

பிளிப்கார்ட் லைட்

வலைச்செயலிகளின் மறுவருகை பெங்களூருவில் நிகழ்ந்தது. 2015-இல் பிளிப்கார்ட் தன் கைபேசி வலைத்தளத்தை மூடி, வருவோரைச் செயலியைப் பதிவிறக்குமாறு திருப்பியது. அதன் துணை நிறுவனமான மிந்த்ரா அவ்வாண்டு மே மாதம் கணினித் தளத்தையும் மூடியது. செயலி மட்டுமே போதும் என்ற எண்ணம் வணிக உலகில் ஓங்கியிருந்த காலம் அது. ஆனால் அன்றைய மலிவுக் கைபேசிகளில் சேமிப்பிடம் மிகக் குறைவு. குடும்பப் புகைப்படங்களா, கடைச் செயலியா என்ற நிலை வந்தால் எது அழிக்கப்படும் என்பதில் ஐயமில்லை. 2ஜி இணைப்பில் பல மெகாபைட் பதிவிறக்கம் செய்வதும், அதற்கான தரவுக் கட்டணமும் தனிச் சுமை.

அதே ஆண்டில் கூகுளின் குரோம் உலாவியில் சர்வீஸ் வொர்க்கரும், பக்கம் மூடியிருக்கும்போதும் அறிவிப்பு அனுப்பும் வசதியும் சேர்ந்தன. இவற்றைப் பயன்படுத்தும் வலைச்செயலிகளுக்கு அலெக்ஸ் ரஸ்ஸல், பிரான்சிஸ் பெர்ரிமன் ஆகிய இருவரும் ‘புரோகிரசிவ் வெப் ஆப்’ என்று பெயரிட்டனர். முதலில் சாதாரணப் பக்கமாகத் திறந்து, பயன்படுத்தப் பயன்படுத்தப் படிப்படியாகச் செயலியாக வளர்வது என்பது அப்பெயரின் பொருள்.

பிளிப்கார்ட்டின் பொறியாளர்கள் குரோம் குழுவுடன் சேர்ந்து உழைத்து, 2015 நவம்பரில் பிளிப்கார்ட் லைட்டை வெளியிட்டனர். முதன்முறை திறக்கும்போதே பக்கத்தின் கட்டமைப்பு கைபேசியில் சேமிக்கப்படும். மறுமுறை விலையும் படமும் மட்டும் வந்தால் போதும். முன்பு பார்த்த பொருட்களை இணைப்பு அறுந்தபோதும் பார்க்கலாம். அதைப் பயன்படுத்தியவர்களில் 63 விழுக்காட்டினர் 2ஜி இணைப்பில் வந்தவர்கள் என்று கூகுள் பின்னர் வெளியிட்ட விவரம் காட்டுகிறது. மூடிய கதவுக்கு வெளியே நின்றவர்கள் எத்தனை பேர் என்பதற்கு இந்த எண்ணே சான்று. மிந்த்ராவும் 2016-இல் தன் தளங்களை மீண்டும் திறந்தது. 2017 ஏப்ரலில் ட்விட்டர் லைட் இதே வழியில் வெளியானது.

ஐபோனில் தாமதம்

ஆண்ட்ராய்டில் இவ்வளவும் நடந்தபோது ஐபோன் பயனர்கள் காத்திருந்தனர். அப்போது ஐபோனில் எந்த உலாவியை நிறுவினாலும் அதன் உள்ளே இயங்கியது ஆப்பிளின் வெப்கிட் பொறியே. எனவே ஆப்பிள் தராத வசதியை வேறு யாராலும் தர இயலவில்லை. சர்வீஸ் வொர்க்கர் 2018 மார்ச்சில் ஐஓஎஸ் 11.3-உடன் வந்தது. முகப்புத் திரையில் சேர்த்த வலைச்செயலிகள் அறிவிப்பு அனுப்பும் வசதி 2023 மார்ச்சில்தான் கிடைத்தது. குரோமுக்கும் இதற்கும் இடையே எட்டு ஆண்டுகள். கடையின் வருமானத்துக்கும் இந்தத் தாமதத்துக்கும் தொடர்புண்டு என்று நிரலாளர்கள் பலர் கருதுகின்றனர். பாதுகாப்பும் தனியுரிமையுமே காரணம் என்பது ஆப்பிள் தரப்பு.

ஐரோப்பிய ஒன்றியத்தின் இலக்கமுறைச் சந்தைகள் சட்டம் 2024-இல் பிற உலாவிப் பொறிகளுக்கும் இடம்தர வேண்டும் என்று பணித்தபோது பிணக்கு உச்சத்தை அடைந்தது. ஐஓஎஸ் 17.4 பதிப்பில் ஐரோப்பியப் பயனர்களுக்கு முகப்புத்திரை வலைச்செயலிகளையே நீக்கப்போவதாக ஆப்பிள் பிப்ரவரியில் உறுதிப்படுத்தியது. மற்ற பொறிகளில் இயங்கும் வலைச்செயலிகளுக்குப் புதிய பாதுகாப்பு அமைப்பை உருவாக்க வேண்டியிருக்கும், பயன்படுத்துவோரோ குறைவு என்று அது விளக்கியது. நீக்கப்பட்டால் அவை வெறும் புத்தகக்குறிகளாகிவிடும். சேமித்த தரவுகளும் அறிவிப்புகளும் போய்விடும். ஓப்பன் வெப் அட்வகசி என்ற அமைப்பு எதிர்ப்பு மடலுக்குக் கையொப்பம் திரட்டியது. ஐரோப்பிய ஆணையமும் விசாரிக்கத் தொடங்கியது. மார்ச் 1 அன்று ஆப்பிள் முடிவைத் திரும்பப் பெற்றது. ஐரோப்பாவிலும் வலைச்செயலிகள் தொடர்ந்து இயங்கும், ஆனால் முன்போலவே வெப்கிட் மீது மட்டும் என்று அந்த அறிவிப்பு கூறியது.