கண்ணுக்குள் ஒரு குருட்டுப் புள்ளி

ஒவ்வொரு கண்ணிலும் பார்வையே இல்லாத ஓர் இடம் உண்டு. ஆனால் 17-ஆம் நூற்றாண்டு வரை அது யாருக்கும் தெரியவில்லை!

பிரான்ஸ் நாட்டு விஞ்ஞானி எட்மே மாரியட், கண்களை அறுத்துப் பார்த்தபோது, பார்வை நரம்பு நடுவில் சேராமல் மூக்குப் பக்கமாகத் தள்ளிச் சேர்வதைக் கவனித்தார். அந்த நரம்பின் மேலேயே ஒளி விழுந்தால்? சுவரில் இரண்டு காகிதத் துண்டுகளை ஒட்டினார். இடது கண்ணை மூடி, இடப்பக்கத் துண்டையே பார்த்தபடி பின்னால் நகர்ந்தார். சுமார் 10 அடி தூரத்தில் வலப்பக்கத் துண்டு மறைந்தே போனது! 1668-இல் இதை வெளியிட்டார். நரம்பு வெளியேறும் அந்த இடத்தில் ஒளியை உணரும் செல்களே கிடையாது. அதுதான் குருட்டுப் புள்ளி.

அப்படியானால் ஓட்டை ஏன் தெரிவதில்லை? ஒரு கண் விட்டதை மறு கண் பார்த்துவிடும். ஒரு கண்ணை மூடினாலும், சுற்றியுள்ள நிறத்தையும் கோட்டையும் வைத்து மூளை நிரப்பிவிடும். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ்.ராமச்சந்திரன், 1992-இல் 'சயின்டிஃபிக் அமெரிக்கன்' இதழில் இதை எளிய சோதனைகளுடன் விளக்கினார்.

இந்த உதவியே ஆபத்தாவதும் உண்டு. குளுக்கோமா என்ற கண் நோயில் பார்வை பெரும்பாலும் ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் போகும். அந்த இழப்பையும் மூளை மறைத்துவிடும். தெரியவரும்போது, போன பார்வை திரும்பாது. கண் நன்றாகத் தெரிந்தாலும் 40 வயதுக்கு மேல் பரிசோதனை செய்யச் சொல்வது இதனால்தான்.