சோளத்துக்குப் போட்டது, ஏரிக்குப் போனது

உர வரலாற்றில் என்னை ரொம்ப யோசிக்க வெச்சது அமெரிக்க மக்காச்சோளக் கதைதான். விதைக்கும்போதே விதைக்குப் பக்கவாட்டில் 2 அங்குலம், கீழே 2 அங்குலம் தள்ளி தொடக்க உரம் போடுவாங்க. காரணம் நியாயம்தான்: வசந்தகாலத்து மண் சில்லுனு இருக்கும், இளவேரால மணிச்சத்தை சரியா எடுக்க முடியாது.

ஆனா வருஷக்கணக்கா போட்ட உரமும் எருவும் சேர்ந்து பல வயல்களில் மணிச்சத்து நிறைஞ்சுடுச்சு. பழக்கம் மட்டும் மாறலை. வயல்களிலிருந்து மழையோட கிளம்பின மணிச்சத்து மௌமி ஆறு வழியா ஈரி ஏரிக்குப் போய் பாசியை வளர்த்தது. 2014 ஆகஸ்டில் டொலீடோ பகுதியில் சுமார் 4 லட்சம் பேருக்குக் குழாய்த்தண்ணி குடிக்கத் தடை!

மண்ணுல ஏற்கெனவே நிறைய இருந்தா, தொடக்க உரத்துல தழைச்சத்து மட்டுமே பெரும்பாலும் போதும். மூட்டையைப் பிரிக்கும் முன்னாடி மண்ணைப் பரிசோதிக்கணும்ங்கிறது என் கட்சி. நீங்க என்ன சொல்றீங்க?