ரேம் காலியா இருக்கு... ஆனாலும் 'மெமரி இல்லை' எனும் நெட்வொர்க் கார்டு! என்ன காரணம்?

லினக்ஸ் கம்ப்யூட்டரில் பெரிய ஃபைல் ஒன்று காப்பி ஆகிக்கொண்டிருக்கிறது. திடீரென வேகம் படுத்துவிடுகிறது. சில நேரம் நெட்வொர்க்கே போய்விடும். கெர்னல் பதிவைத் திறந்தால் 'பேஜ் அலோகேஷன் ஃபெயிலியர்' என்று ஒரு வரி, அதன் கீழே புரியாத எண்களாக ஒரு பக்கம். ஆனால் ரேம் எவ்வளவு மிச்சம் என்று பார்த்தால், தாராளமா இருக்கு!

உடனே புது ரேம் வாங்க கடைக்குக் கிளம்ப வேண்டாம். கார்டையும் மாற்ற வேண்டாம். முதலில் அந்த வரியில் 'ஆர்டர்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் இருக்கும் எண்ணைப் பாருங்கள்.

காலியா இருந்தும் ஏன் கிடைக்கல?

லினக்ஸ் மெமரியைப் பெரும்பாலும் 4 கேபி அளவுள்ள பக்கங்களாகப் பிரித்து வைத்திருக்கும். ஆர்டர் 0 என்றால் 1 பக்கம், ஆர்டர் 1 என்றால் 2, ஆர்டர் 2 என்றால் 4, ஆர்டர் 3 என்றால் 8. அதாவது ஆர்டர் 3 என்பது 32 கேபி. இந்தப் பக்கங்கள் எல்லாம் அடுத்தடுத்து ஒட்டி இருக்க வேண்டும் என்பதுதான் சிக்கலே.

பஸ்ஸில் 20 சீட் காலி. ஆனால் அங்கொன்றும் இங்கொன்றுமாக. 8 பேர் கொண்ட குடும்பம் ஏறி, சேர்ந்துதான் உட்காருவோம் என்றால் என்ன ஆகும்? கண்டக்டர் நாலு பேரை தள்ளி உட்காரச் சொல்லி இடம் பண்ணலாம். கெர்னலும் அப்படிப் பக்கங்களை நகர்த்தி இடம் உண்டாக்கும். ஆனால் பாக்கெட் வந்து இறங்கும் நொடியில், டிரைவர் இன்டரப்ட் வேலையில் இருக்கும்போது அதற்குக் காத்திருக்க அனுமதி இல்லை. இருந்தால் கொடு, இல்லாவிட்டால் பாக்கெட் கீழே போகும், அவ்வளவுதான். டிசிபி இணைப்பு என்றால் அந்த பாக்கெட் திரும்ப அனுப்பப்படும். எப்போதாவது ஒருமுறை வரும் எச்சரிக்கைக்குப் பதற வேண்டியதில்லை. நிமிஷத்துக்கு நிமிஷம் வந்தால்தான் கவனிக்கணும்.

ராஸ்பெர்ரி பையில் நடந்தது

2012ல் வந்த முதல் ராஸ்பெர்ரி பையில் ரேம் வெறும் 256 எம்பி. அதன் ஈதர்நெட் யுஎஸ்பி வழியாகத்தான் ஓடியது. அதற்கான எஸ்எம்எஸ்சி95எக்ஸ்எக்ஸ் டிரைவரில் 'டர்போ மோட்' என்று ஒன்று உண்டு. பல பாக்கெட்டுகளை ஒரே மூட்டையாகக் கட்டி வாங்கும். வேகம் கிடைக்கும், ஆனால் ஒவ்வொரு மூட்டைக்கும் 18 கேபிக்கு மேல் ஒட்டிய இடம் வேண்டும். ரேம் துண்டு துண்டானதும் டிரைவர் திணறியது. பயனர்கள் இரண்டு வேலை செய்தார்கள்: டர்போ மோடை அணைத்தார்கள், கெர்னல் அவசரத்துக்கு ஒதுக்கி வைக்கும் மெமரியை, 'மின் ஃப்ரீ கேபைட்ஸ்' அமைப்பில் 8192 என்று, அதாவது 8 எம்பியாக வைத்தார்கள்.

நீங்க என்ன பார்க்கணும்?

'ப்ராக்' கோப்புறையில் 'படிஇன்ஃபோ' என்ற ஃபைல் இருக்கும். ஒவ்வொரு வரியிலும் இடது ஓரம் ஒற்றைப் பக்கங்களின் எண்ணிக்கை. வலப்பக்கம் போகப் போகப் பெரிய துண்டுகள். இடதில் ஆயிரக்கணக்கில் இருந்து, வலதில் எல்லாம் 0 என்றால் மெமரி சிதறிக் கிடக்கிறது என்று அர்த்தம்.

இப்படி இருந்தால் முதலில் எம்டியூ அளவைப் பாருங்கள். 9000 என்று ஜம்போ ஃப்ரேம் வைத்திருந்தால், சில டிரைவர்கள் ஒரு பாக்கெட்டுக்கே 16 கேபி ஒட்டிய இடம் கேட்கும். 1500க்கு இறக்கினாலே பல நேரம் சத்தம் அடங்கிவிடும். அடுத்து, மின் ஃப்ரீ கேபைட்ஸை படிப்படியாக ஏற்றலாம். ஒரேயடியாக ஏற்றினால் மற்ற புரோகிராம்களுக்கு மெமரி இல்லாமல், கெர்னலே அவற்றைக் கொல்ல ஆரம்பிக்கும். ஜாக்கிரதை!

கார்டை ஆன் செய்யும்போதே மைனஸ் 12 என்று பிழை வந்தால், ஈத்டூல் மூலம் ரிங் பஃபர் அளவைக் குறைத்துப் பாருங்கள்.

ஆர்டர் 0வே கிடைக்கவில்லை என்றால் கதை வேறு. அது சிதறல் இல்லை, அந்த நொடியில் மெமரியே தீர்ந்திருக்கிறது. 'ஸ்லாப்டாப்' ஓட விட்டு, ஏதாவது ஒரு வரி மணிக்கணக்கில் ஏறிக்கொண்டே போகிறதா என்று கவனியுங்கள். போனால் டிரைவரோ வேறு ஏதோ ஒரு கெர்னல் பகுதியோ வாங்கிய மெமரியைத் திருப்பித் தரவில்லை என்று சந்தேகிக்கலாம். அப்போது கெர்னலை அப்டேட் செய்து பார்ப்பதே வழி. புது ரேம் போட்டாலும் அதுவும் நிரம்பத்தான் செய்யும்.

மாற்றிய மின் ஃப்ரீ கேபைட்ஸ் மதிப்பை சிஸ்கன்ட்ரோல் அமைப்பு ஃபைலில் எழுதி வைக்க மறக்காதீங்க. இல்லாவிட்டால் அடுத்த ரீபூட்டில் பழைய எண்ணே திரும்பிவிடும்.