நான்காம் வகுப்பில் ஒரு தத்துவ ஆசிரியர்

தத்துவம் என்றதும் பல்கலைக்கழகத் துறைகளும் தடித்த நூல்களும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. குழந்தை எப்படி அறிகிறது, அதட்டலால் ஒருவரைச் சிந்திக்க வைக்க முடியுமா என்ற கேள்விகளோடு அன்றாடம் மல்லுக்கட்டுபவரோ தொடக்கப்பள்ளி ஆசிரியர்.

அப்படி மல்லுக்கட்டியவர்களில் ஒருவரான குஜராத்தின் கிஜுபாய் பதேகா முதலில் வழக்கறிஞர். 1913இல் மகன் பிறந்தபின் அவன் படிப்பைப் பற்றி யோசிக்கத் தொடங்கியவர், கல்வியாளர் மாண்டிசோரியின் எழுத்துகளில் ஆழ்ந்தார். நல்ல வருமானம் தந்த தொழிலை விட்டுவிட்டு 1916இல் பாவ்நகரின் தட்சிணாமூர்த்தி கல்வி நிலையத்தில் சேர்ந்தார். 1920இல் அங்கே பால மந்திர் என்ற மழலையர் பள்ளியைத் தொடங்கினார். மக்கள் அவரை ‘மீசைக்கார அம்மா’ என்று அழைத்தார்கள். ஓர் ஆசிரியருக்கு இதைவிடப் பெரிய பட்டம் கிடைக்காது.

அவர் எழுதிய ‘திவாஸ்வப்னா’ ஓர் ஆசிரியரின் ஓராண்டுச் சோதனையைக் கதையாகச் சொல்கிறது. கல்வி அதிகாரியிடம் கேட்டு நான்காம் வகுப்பைப் பெறும் ஆசிரியர், முதல் நாளே அமைதி விளையாட்டு நடத்தப் பார்க்கிறார். பிள்ளைகள் போட்ட கூச்சலில் வகுப்பே அமளிப்படுகிறது. அவரிடம் பிரம்பு இல்லை. பிள்ளைகளைக் குறை சொல்லவும் இல்லை. தம் திட்டத்தில் எங்கே பிழை என்று தேடுகிறார். மறுநாள் கதை சொல்கிறார். கூச்சலிட்ட அதே பிள்ளைகள் வாய் பிளந்து கேட்கிறார்கள். ஆளுக்கொரு பாடப்புத்தகம் வாங்கும் பணத்தில் வகுப்புக்கென்று ஒரு நூலகம் உருவாகிறது. இலக்கணம் விளையாட்டாகிறது. தம் கருதுகோள் பொய்த்ததும் அதைத் திருத்திக்கொள்ளும் இந்த நேர்மையைத்தான் தத்துவம் என்கிறோம்.

இதே இடத்துக்கு எதிர்த்திசையிலிருந்து வந்தவர் அமெரிக்காவின் மேத்யூ லிப்மன். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தத்துவம் கற்பித்தவர். கல்லூரி மாணவர்கள் தர்க்கத்தில் தடுமாறுவதைக் கண்டு, சிந்தனைப் பயிற்சி பள்ளியிலேயே தொடங்க வேண்டும் என்று முடிவு செய்தார். சிறுவர்களுக்காக ஒரு நாவலே எழுதினார். 1974இல் நியூஜெர்சியின் மான்ட்கிளேரில் இதற்கென்று ஒரு நிறுவனமும் அமைத்தார். அவரது முறையில் பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து கதையின் ஒரு பகுதியை வாசிக்கிறார்கள். அவர்களுக்குத் தோன்றும் கேள்விகளை ஆசிரியர் கரும்பலகையில் எழுதுகிறார், ஒவ்வொன்றின் பக்கத்திலும் கேட்ட பிள்ளையின் பெயரோடு. எந்தக் கேள்வியை விவாதிப்பது என்பதையும் வகுப்பே தீர்மானிக்கிறது. பலகையில் தன் பெயரைப் பார்க்கும் குழந்தை, தன் எண்ணத்துக்கும் மதிப்புண்டு என்று அறிகிறது.

பிள்ளைகளின் கேள்விகளுக்கு இடம் கொடுக்கச் செலவு அதிகமில்லை. ‘மத்தியானம் நிழல் ஏன் குட்டையாகுது, டீச்சர்?’ என்று ஒரு பிள்ளை கேட்டால், பள்ளி வாசலில் ஒரு குச்சியை நட்டு, மணி அடிக்கும்போதெல்லாம் நிழலின் நுனியில் ஒரு கோடு போட வைக்கலாம். மாலைக்குள் பிள்ளைகளே ஒரு விடையும் இரண்டு புதுக் கேள்விகளும் கொண்டுவருவார்கள். ‘பாடத்தைக் கவனி’ என்று சொல்லிவிட்டால் அந்தக் கேள்வி அன்றோடு முடிந்துபோகும்.

பாடம் முடிக்கும் அவசரமும் நிரப்ப வேண்டிய பதிவேடுகளும் ஆசிரியரின் நேரத்தைத் தின்பது உண்மைதான். அந்தச் சுமையைக் குறைப்பது அரசின் கடமை. இதைப் படிக்கும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள்: உங்கள் வகுப்புப் பிள்ளைகள் கேட்கும் கேள்விகளைத் தேதியோடும் பெயரோடும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், ஆண்டு முடிவில் அதை அடுத்த வகுப்பு ஆசிரியரிடம் கொடுங்கள்.