ஜவ்வரிசி: பெயரில்தான் அரிசி

வீட்டுக்குத் திடீர்னு விருந்தாளி வந்துட்டாங்க. அரை மணி நேரத்துக்குள்ள ஒரு இனிப்பு வேணும். என்ன செய்வோம்?

அலமாரியில் ஒரு டப்பாவில் ஜவ்வரிசி இருக்கும். பால் இருக்கு, சர்க்கரை இருக்கு. நெய்யில் வறுத்த நாலு முந்திரி, நாலு திராட்சை, தட்டிப்போட்ட ரெண்டு ஏலக்காய். பாயசம் ரெடி.

அதே வீட்டில் யாருக்காவது காய்ச்சல் வந்தாலும் அதே டப்பாதான் இறங்கும். வயிற்றுப்போக்கா? ஜவ்வரிசிக் கஞ்சி. பல் முளைக்காத குழந்தையா? அதுக்கும் ஜவ்வரிசிக் கஞ்சி.

சரி, ஒரு கேள்வி. இந்த ஜவ்வரிசி எந்தச் செடியில் விளைகிறது?

என்னிடம் வருபவர்களிடம் அவ்வப்போது இதைக் கேட்பேன். "நெல்லு மாதிரி ஏதோ ஒண்ணுல சார்" என்பதுதான் பெரும்பாலும் பதில். படித்தவர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆனால் உலகத்தில் எந்தச் செடியிலும் ஜவ்வரிசி விளைவதில்லை நண்பர்களே. அதை மனிதர்கள் உருட்டிச் செய்கிறார்கள்.

ஒரு டாக்டருக்கு இந்தக் கதை எதற்கு என்று கேட்பீர்கள். காரணம் ஒரு குழந்தை.

சில வருடங்களுக்கு முன் பதினோரு மாதக் குழந்தை ஒன்றை அதன் பாட்டி தூக்கிக்கொண்டு வந்தார். "நல்லாத்தான் இருந்தான் சார், ஒரு வாரமா கால் வீங்குது" என்றார். பாதத்தை விரலால் அழுத்தினேன், குழி விழுந்தது. கைகள் குச்சி மாதிரி. முடி செம்பட்டை. எதிரில் பொம்மையை ஆட்டினாலும் முகத்தில் சிரிப்பில்லை.

"என்னம்மா சாப்பாடு குடுக்குறீங்க?"

"ஜவ்வரிசிக் கஞ்சிதானுங்க சார், மூணு வேளையும். லேசா இருக்கும், சீக்கிரம் செரிக்கும்ல?"

மருமகள் மறுபடி கர்ப்பமானதால் ஐந்தாம் மாதமே தாய்ப்பாலை நிறுத்திவிட்டார்களாம். அந்தப் பாட்டி பேரனைப் பட்டினி போடவில்லை. வேளை தவறாமல், கட்டியில்லாமல், பக்குவமாகக் காய்ச்சி ஊட்டியிருக்கிறார். அப்படியும் அந்தக் குழந்தை புரதமில்லாமல் வாடிப்போயிருந்தான்.

இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது? அதைத் தேடப் போனால் கதை நம்மை இந்தோனேசியத் தீவுகளுக்குக் கூட்டிக்கொண்டு போகிறது.

அங்கேயும் நியூ கினியிலும் சதுப்பு நிலங்களில் 'சேகோ' என்ற பனை வகை மரம் வளர்கிறது. வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் பூக்கும். அந்த ஒரு பூப்புக்காகப் பத்துப் பதினைந்து வருடம் தண்டுக்குள் மாவுச்சத்தைச் சேர்த்து வைக்கும். பூப்பதற்குச் சற்று முன் மரத்தை வெட்டி, தண்டின் சோற்றை இடித்து, தண்ணீரில் அலசினால் மாவு அடியில் தங்கும். ஒரே மரத்தில் நூறு கிலோவுக்கும் மேல் கிடைக்கும். 1290-களில் சுமத்ரா வழியாகப் போன மார்க்கோ போலோ, மரத்திலிருந்து மாவு எடுத்துச் சாப்பிடும் மக்களைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்.

19-ஆம் நூற்றாண்டில் மலாக்காவிலும் சிங்கப்பூரிலும் இருந்த சீனத் தொழிலாளர்கள் இந்த மாவை முத்து முத்தாக உருட்டிக் காயவைத்தார்கள். அப்படிச் செய்தால் கப்பலில் கெடாமல் போகும். அந்த முத்துகள் ஐரோப்பாவுக்கும் போயின, இந்தியாவுக்கும் வந்தன. பிரிட்டிஷ் வீடுகளில் பாலில் வேகவைத்து 'சேகோ புட்டிங்' செய்தார்கள். எளிதில் செரிக்கும் என்பதால் நோயாளிகளுக்கும் குழந்தைகளுக்கும் கொடுத்தார்கள். வங்காளத்தில் இன்றும் காய்ச்சல்காரருக்கு 'சாபு' கொடுக்கும் வழக்கம் இருக்கிறது.

ஜாவாவிலிருந்து வந்த அரிசி, அதனால் ஜவ்வரிசி என்று சிலர் சொல்வார்கள். ஜவ்வு மாதிரி இழுப்பதால் அந்தப் பெயர் என்று வேறு சிலர் சொல்வார்கள். எப்படியோ, கடல் தாண்டி வந்த பண்டம் அது.

சரி, அந்தப் பனைமரம் நம்ம ஊரில் இல்லையே? இன்று நம் டப்பாவில் இருப்பது எது?

அது மரவள்ளிக்கிழங்கு. சேலம், நாமக்கல் பக்கம் குச்சிக்கிழங்கு. கன்னியாகுமரிப் பக்கம் மரச்சீனி. கேரளாவில் கப்பை. இதுவும் நம்ம ஊர்க்காரர் இல்லை. தென் அமெரிக்காவில் பிறந்து, போர்ச்சுகீசியக் கப்பல்கள் வழியாக உலகம் சுற்றிய கிழங்கு. குச்சியை ஒடித்து நட்டால் போதும், மழை குறைந்தாலும் தாங்கும். தாது வருஷப் பஞ்சம் (1876–78) தென்னிந்தியாவை உலுக்கிப் போட்ட கொஞ்ச காலத்தில், 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா, ஏழைகளின் பசியைத் தீர்க்கும் என்று இந்தப் பயிரை ஊக்குவித்துப் பரப்பினார்.

இப்போது 1942-க்கு வாருங்கள். இரண்டாம் உலகப்போர். பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுந்தது. அடுத்த மாதம் ரங்கூன். பர்மா அரிசி நின்றது. திருவிதாங்கூரில் பல குடும்பங்கள் கப்பையை நம்பி நாளைக் கடத்தின. மலாயாவிலிருந்து வந்துகொண்டிருந்த சேகோ முத்துகளும் நின்றுபோயின.

அந்த நேரத்தில்தான் சேலத்தில் ஒரு விஷயம் நடந்தது. சேலத்து மீன் வியாபாரி மாணிக்கம் செட்டியார் தொழில் நிமித்தமாக அடிக்கடி கேரளா போய்வருவார். அங்கே பினாங்கிலிருந்து வந்திருந்த பொபட்லால் ஷா என்பவரைச் சந்தித்தார். மரவள்ளியிலிருந்து ஸ்டார்ச் எடுக்கும் முறை ஷாவுக்குத் தெரியும். 1943-ல் இருவரும் சேர்ந்து, கையில் கிடைத்த எளிய சாதனங்களை வைத்துச் சேலத்தில் ஜவ்வரிசி செய்ய ஆரம்பித்தார்கள்.

பனைமரத்துக்குப் பதில் கிழங்கு. மற்றபடி முறை அதேதான். கிழங்கைத் தோலுரித்து அரைத்து, பால் பிழிந்து, வடிகட்டி, தொட்டியில் தெளியவிடுவார்கள். அடியில் தங்கும் ஈர மாவை உதிர்த்துக் குலுக்கினால் குருணை குருணையாக உருளும். சல்லடையில் சலித்து, எண்ணெய் தடவிய சூடான தட்டில் வறுத்து, வெயிலில் காயவைத்தால் மாவு ஜவ்வரிசி. வறுப்பதற்குப் பதில் ஆவியில் வேகவைத்தால் கண்ணாடி மாதிரி வரும் நைலான் ஜவ்வரிசி. சேலம், ஆத்தூர், ராசிபுரம் பக்கம் போனவர்கள், சேகோ ஆலைக் களங்களில் வெள்ளை வெளேரென்று காய்வதைப் பார்த்திருப்பீர்கள்.

1944-ல் ஒரு சிக்கல் வந்தது. எங்கு பார்த்தாலும் உணவுத் தட்டுப்பாடு. 'மனிதர்கள் வேகவைத்துச் சாப்பிடக்கூடிய கிழங்கை அரைத்து ஜவ்வரிசி செய்வதா?' என்று சேலம் கலெக்டர் தடை போட்டார். உற்பத்தியாளர்கள் சங்கம் அமைத்து மேலே முறையிட்டு, தடையை நீக்கவைத்தார்கள். கலெக்டரின் கேள்வியை மட்டும் நினைவில் வையுங்கள், திரும்ப வருவேன்.

தொழில் வளர்ந்தது. 1981-ல் 'சேகோசர்வ்' கூட்டுறவுச் சங்கம் வந்தது. 2023-ல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. மகாராஷ்டிராவிலும் குஜராத்திலும் விரத நாளில் தானியம் தொடாமல் சாப்பிடும் சாபுதானா கிச்சடிக்கு நம்ம சேலத்து முத்துகள்தான் போகின்றன.

இப்போது மருத்துவத்துக்கு வருவோம்.

மரவள்ளியில் இயற்கையாகவே சயனைடு தரும் பொருள் உண்டு. பச்சையாகச் சாப்பிடக் கூடாது. தோலுரித்து, நறுக்கி, திறந்த பாத்திரத்தில் நன்றாக வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். 1981-ல் மொசாம்பிக்கில் வறட்சியும் போரும் சேர்ந்து வாட்டியபோது, சரியாகப் பதப்படுத்தாத கசப்பு மரவள்ளியையே நம்பி வாழ்ந்த ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்குக் கால்கள் விறைத்து முடங்கிப்போயின. 'கொன்சோ' என்று அந்த நோய்க்குப் பெயர். ஜவ்வரிசியில் இந்தப் பயம் வேண்டாம். அரைத்து, அலசி, தெளியவைத்து, வறுக்கும் வழியிலேயே அந்த நஞ்சு போய்விடுகிறது.

ஆனால் நஞ்சு மட்டுமா போகிறது? கிழங்கில் இருந்த கொஞ்சநஞ்சப் புரதம், வைட்டமின், நார் எல்லாம் கூடவே போய்விடுகிறது. மிஞ்சுவது மாவுச்சத்து மட்டும்.

100 கிராம் ஜவ்வரிசியில் மாவுச்சத்து சுமார் 88 கிராம். புரதம் 0.2 கிராம். அதே அளவு பச்சரிசியில் 7 கிராமுக்குக் குறையாமல் புரதம் இருக்கும். பதினோரு மாதக் குழந்தைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 10 கிராம் புரதம் தேவை. ஜவ்வரிசியிலிருந்து மட்டும் அதை எடுக்க வேண்டுமென்றால் தினமும் 5 கிலோ ஊட்ட வேண்டும்!

பாட்டி சொன்ன 'லேசா இருக்கும்' உண்மைதான். கொழுப்பில்லை, புரதமில்லை, நாரில்லை, வயிறு சிரமப்படாமல் செரித்துவிடும். லேசாக இருப்பதற்கும் சத்தில்லாமல் இருப்பதற்கும் காரணம் ஒன்றேதான்.

இந்த நோயை உலகத்துக்கு அடையாளம் காட்டியவர் சிசிலி வில்லியம்ஸ் என்ற பெண் மருத்துவர். ஜமைக்காவில் பிறந்தவர். இன்று கானா என்று அழைக்கப்படும் நாட்டில் பணிபுரிந்தபோது, தாய்ப்பால் மறந்து வெறும் மக்காச்சோளக் கஞ்சியில் வளர்ந்த குழந்தைகளுக்குக் கால் வீங்கி, முடி நிறம் மாறுவதை 1933-ல் எழுதினார். 1935-ல் அந்த ஊர் மக்கள் சொன்ன பெயரையே நோய்க்கு வைத்தார்: 'குவாஷியோர்கர்'. அடுத்த குழந்தை வந்ததும் முந்தைய குழந்தைக்கு வரும் நோய் என்பது அதன் பொருள். என்னிடம் வந்த குழந்தையின் கதை அப்படியே இல்லையா?

பிறகு அவர் மலாயாவுக்கு மாற்றப்பட்டார். 1939-ல் சிங்கப்பூரில் 'பாலும் கொலையும்' என்ற தலைப்பில் பேசினார். இனிப்புச் சேர்த்த கண்டென்ஸ்டு மில்க்கைத் தாய்ப்பாலுக்கு மாற்றாக விற்பதை அதில் கடுமையாகச் சாடினார். 1942-ல் சிங்கப்பூர் விழுந்ததும் ஜப்பானியர் அவரைச் சிறைப்பிடித்தார்கள். மூன்றரை ஆண்டுகள் உள்ளே இருந்தார். அவரைச் சிறைக்கு அனுப்பிய அதே போர்தான் நமக்குச் சேலத்து ஜவ்வரிசியைத் தந்தது.

இப்போது அந்தக் கலெக்டரின் கேள்விக்கு வருகிறேன். கிழங்கா, ஜவ்வரிசியா என்பதல்ல இன்று நம் முன் இருக்கும் கேள்வி. சோற்றின் இடத்தில் ஒரு பலகாரத்தை வைக்கலாமா என்பதுதான்.

ஆகவே நண்பர்களே,

ஆறு மாதம் வரை குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டும். அதற்குப் பிறகு பருப்புச் சாதம், முட்டை, வேகவைத்து மசித்த காய்கறி, கூடவே இரண்டு வயது வரை தாய்ப்பால். தாய் மறுபடி கர்ப்பமானாலும் பொதுவாகத் தாய்ப்பாலை நிறுத்தத் தேவையில்லை, மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். ஜவ்வரிசிக் கஞ்சியை ஒரு வேளை உணவாக எண்ணாதீர்கள். இரண்டு வயதுக்குள் சர்க்கரையும் கண்டென்ஸ்டு மில்க்கும் வேண்டாம்.

காய்ச்சலில் கிடக்கும் பெரியவர்களுக்கு ஓரிரு நாள் கஞ்சி கொடுக்கலாம், தவறில்லை. வாய் ருசி திரும்பியதும் சாதாரண உணவுக்கு வந்துவிடுங்கள். வயிற்றுப்போக்குக்கு ஓ.ஆர்.எஸ். தான் முதலில், கஞ்சி அதற்கு மாற்று இல்லை.

சர்க்கரை நோயாளிகளே, "அரிசி சாப்பிடலை சார், விரதம், ஜவ்வரிசி உப்புமாதான்" என்று சொல்லாதீர்கள். ரத்த சர்க்கரை மளமளவென ஏறும்.

மற்றபடி பாயசத்தை யார் வேண்டாம் என்றார்கள்?

அரை கப் மாவு ஜவ்வரிசியை நெய்யில் லேசாக வறுத்து, தண்ணீரில் வேகவையுங்கள். முத்தின் நடுவில் இருக்கும் வெள்ளைப் புள்ளி மறைந்து கண்ணாடியாக வேண்டும், அதுவே பதம். பிறகு அரை லிட்டர் பால். வெல்லம் போடுவதானால் அடுப்பை அணைத்து, சூடு தணிந்த பின் பாகாகக் காய்ச்சி வடிகட்டிச் சேருங்கள், இல்லாவிட்டால் பால் திரியும். முந்திரியைக் கொஞ்சம் தாராளமாகப் போடுங்கள். இந்தப் பாயசத்தில் புரதம் என்று இருப்பதெல்லாம் பாலும் முந்திரியும் கொடுப்பதுதான்.

அந்தக் குழந்தையை அன்றே அரசு மருத்துவமனையின் ஊட்டச்சத்து மறுவாழ்வு மையத்துக்கு அனுப்பினேன். மூன்று வாரத்தில் வீக்கம் வடிந்தது. அடுத்த முறை பாட்டி தூக்கிக்கொண்டு வந்தபோது என் ஸ்டெதஸ்கோப்பைப் பிடித்து இழுத்துச் சிரித்தான்.

"இப்ப என்னம்மா குடுக்குறீங்க?"

"பருப்புச் சோறுங்க சார், தினம் ஒரு முட்டை. ஜவ்வரிசி பொங்கலன்னைக்குப் பாயசத்துக்கு மட்டும்தானுங்க."

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ மூன்று வேளையும் ஜவ்வரிசிக் கஞ்சி குடிக்கும் குழந்தை இருந்தால், இந்தப் பதிவை அந்தப் பாட்டிக்கு வாசித்துக் காட்டுங்கள். திட்டாமல் சொல்லுங்கள். அவர் அன்பில் ஒரு குறையும் இல்லை.